எலுமிச்சைத் தோட்டத்தில் நீர், உரம், மூடாக்கு: மூன்றும் ஓரிடத்தில் சேர வேண்டும்

தென்காசி மாவட்டத்தில் புளியங்குடி, சங்கரன்கோவில் வட்டாரங்களில் எலுமிச்சை முக்கியமான தோட்டப்பயிராகும். பெரும்பாலான தோட்டங்கள் கிணற்று நீரையே நம்பியுள்ளன. எலுமிச்சைக்கு நல்ல விலை கிடைப்பது கோடையில். கிணறு வற்றுவதும் கோடையில். ஆதலால் உழவர் பெருமக்கள் பலர் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறியுள்ளனர். ஆயினும், குழாய் போட்ட சில தோட்டங்களில் காய் உதிர்வதும் மரம் நலிவதும் நின்றபாடில்லை.

சென்ற சித்திரையில் அத்தகைய தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மரங்களுக்கு எட்டு வயது. கன்று நட்டபோதே குழாய் அமைத்துவிட்டார் தோட்டக்காரர். "தண்ணி தவறாம விடுறேன் சார், உரமும் குறைக்கல. ஆனாலும் இலை வெளுக்குது, பிஞ்சு கொட்டுது" என்றார்.

"அண்ணாச்சி, ஒரு மண்வெட்டி எடுத்துட்டு வாங்க" என்றேன்.

கன்றுக்கு வைத்த அதே சொட்டுவான், இன்று தண்டை ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. அடித்தண்டு எப்போதும் ஈரமாக இருந்ததால் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. தண்டிலிருந்து மூன்றரை அடி தள்ளி வெட்டிப் பார்த்தோம். உரத்தை முறைப்படி அங்குதான் வைத்திருந்தார். ஆனால் மண் பொடியாக உலர்ந்திருந்தது. பங்குனியில் இட்ட கலப்பு உரக் குருணைகள் சில கரையாமல் அப்படியே கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர், "அப்ப என் காசு மண்ணுக்குள்ளேயே கிடக்குதா?" என்று கேட்டார்.

எலுமிச்சையில் உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள் பரவுகின்றன. மரம் வளர வளர அவை தண்டை விட்டு வெளியே செல்கின்றன. உரம் கரைய ஈரம் வேண்டும். கரைந்ததை எடுக்க அங்கே வேர் வேண்டும். எனவே நீரும் உரமும் மூடாக்கும் வேரைத் தொடர்ந்து நகர வேண்டும்.

சொட்டுவானை நகர்த்துதல்

முதலாண்டில் கன்றிலிருந்து ஓரடி தள்ளி ஒரு சொட்டுவான் போதும். இரண்டு, மூன்றாம் ஆண்டுகளில் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு வைக்கவும். ஐந்தாம் ஆண்டிலிருந்து தண்டைச் சுற்றி மூன்றரை முதல் நான்கு அடி தூரத்தில் நான்கு இருத்தல் நலம். மணற்பாங்கான செவ்வல் மண்ணில் நீர் பக்கவாட்டில் பரவாமல் கீழே இறங்கிவிடும். அங்கு எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. கரிசலில் நன்கு பரவும்.

வளர்ந்த மரங்களுக்குச் சொட்டுவானை மாற்ற ஐப்பசி மழைக்காலமே ஏற்றது. அப்போது சுற்றிலும் ஈரம் இருப்பதால் வேர் தானே பரவும். கோடையில் மாற்ற நேர்ந்தால், புதியவற்றை வைத்தபின் பழையதைச் சில வாரங்கள் விட்டு அடைக்கவும். பிசின் வடியும் மரத்தில் மட்டும் காத்திருக்காமல் பழையதை உடனே அடைத்துவிட வேண்டும். கெட்ட பட்டையைச் செதுக்கிவிட்டு, மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர் கொண்டு தயாரித்த போர்டோ பசையைப் பூசவும்.

நீரின் அளவை அறிவது எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டராகும். இலைக்கவிகை 4 மீட்டர் குறுக்களவு உள்ள மரத்தின் நிழற்பரப்பு சுமார் 12.5 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று கொண்டு, அதில் பத்தில் ஏழு பங்கை மரத்தின் தேவையாக வைத்தால், 12.5 × 6 × 0.7, அதாவது சுமார் 53 லிட்டர் வரும். மணிக்கு 8 லிட்டர் தரும் நான்கு சொட்டுவான்கள் இதை ஏறக்குறைய ஒரு மணி நாற்பது நிமிடத்தில் கொடுத்துவிடும்.

உரம்

ஆறாம் ஆண்டு முதல் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 30 கிலோ, தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல்சத்து 300 கிராம் தேவை. இது யூரியா 1,300 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1,250 கிராம், பொட்டாஷ் 500 கிராம் ஆகும். கையால் இடுவோர் தொழு உரம், சூப்பர், பொட்டாஷ் முழுவதையும் அக்டோபரில் இட்டு, யூரியாவை மார்ச், அக்டோபர் என இரண்டாகப் பிரித்து இடலாம்.

குழாய் வழியே கொடுப்பதாயின் யூரியாவை 20 முறையாகப் பிரித்து, முறைக்கு 65 கிராம் வீதம் விடலாம். 6 மீட்டர் இடைவெளியில் நட்ட ஏக்கருக்கு 112 மரங்கள் எனில் ஒரு முறைக்கு ஏழேகால் கிலோ. அடைமழை நாட்களில் வேண்டாம். முதலில் சிறிது நேரம் வெறும் நீர், பின் உரநீர், முடிவில் மீண்டும் வெறும் நீர் எனப் பாய்ச்சவும். பொட்டாஷில் வெள்ளை நிறமானதே குழாய்க்கு ஆகும். சிவப்பு, வண்டலை விடும். சூப்பர் பாஸ்பேட்டைக் குழாயில் விடவே கூடாது. அதை மண்ணில், சொட்டுவான் நனைக்கும் இடத்தில் இட்டுக் கிளறவும்.

மூடாக்கு

வைக்கோல், கரும்புத் தோகை, உலர்ந்த இலை, நறுக்கிய தென்னை ஓலை என எது கையில் உள்ளதோ அதை மூன்று நான்கு அங்குலக் கனத்துக்கு ஈரப்பகுதி முழுவதும் பரப்பலாம். தண்டைச் சுற்றி ஓரடி வெறுமையாக இருக்கட்டும். யூரியாவை மூடாக்கின் மேல் தூவுவது வீண், காற்றோடு போய்விடும். வைக்கோலும் தோகையும் மட்கத் தொடங்கும்போது தழைச்சத்தைச் சிறிது பிடித்துக்கொள்வதால் இலை வெளிறலாம். அஞ்ச வேண்டாம், அந்த நாட்களில் யூரியாவைத் தவறாது கொடுத்தால் போதும். மூடாக்கின் கீழ் வேர்கள் மேலேறி வந்திருக்கும். ஆதலால் கோடை நடுவில் அதை அள்ளி மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், வேர் வெந்துவிடும். கரையான் நடமாட்டத்தையும் பார்த்துக்கொள்ளவும்.

மூடாக்கிட்ட பின் அடைபட்ட சொட்டுவான் கண்ணுக்குத் தெரியாது. மரம் வாடும்போதுதான் தெரியும். எலியும் அணிலும் குழாயைக் கடிப்பதும் உண்டு. வாரம் ஒருமுறை சில மரங்களில் மூடாக்கை விலக்கி, சொட்டுவானின் அடியில் ஒரு டப்பாவை வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். மணிக்கு 8 லிட்டர் சொட்டுவான் கால் மணி நேரத்தில் 2 லிட்டர் தர வேண்டும். குறைந்தால் வடிகட்டியைக் கழுவி, குழாய்க் கடைசி முனைகளைத் திறந்து நீரை ஓடவிட்டு, மீண்டும் அளந்து பார்க்கவும்.