கைமருந்தும் கவனமும்

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்பர் நம் முன்னோர். பிறவிப்பிணி தீர்க்கும் இறைவனை உடற்பிணி தீர்க்கும் வைத்தியநாதனாகவும் கண்டு வழிபடுவது சைவ மரபு. சிவனுக்கு வில்வம், அம்பாளுக்கு வேம்பு, விநாயகருக்கு அறுகு, விஷ்ணுவுக்குத் துளசி என வழிபாட்டுக்கு உரியனவாக அமைந்தவை யாவும் மருந்துக்கும் பயன்படுபவை என்பது சிந்திக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்து அரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் நமது மருத்துவ மரபின் பழமைக்குச் சான்றாகும். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984ஆம் ஆண்டு முதல் அது கற்பிக்கப்பட்டு வருகிறது. ஆகவே சித்த மருத்துவம் முறையாகக் கற்றுத் தேர வேண்டிய ஒரு துறையாகும். வீட்டில் நாம் செய்யும் கைமருந்து வேறு, அத்துறையில் தேர்ந்தவர் அளிக்கும் மருந்து வேறு.

தடிமனுக்கு மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர், தொண்டைக் கரகரப்புக்கு உப்பிட்ட இளஞ்சூட்டு நீர், பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் உள்ளியும் சேர்ந்த சரக்குக் கறி, காலையில் இலைக்கஞ்சி என்பன நம் வீடுகளில் வழிவழியாக வந்தவை. சிறு உபாதைகளுக்கு இவை இதம் தருவன. இவற்றைக் கைவிட வேண்டியதில்லை.

எனினும் மூலிகையை அறிந்தால் மட்டும் போதாது. முறையையும் அறிதல் வேண்டும். சீன விஞ்ஞானியான தூ யூயூ அம்மையார் மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்டவர். செடியைக் கொதிக்க வைத்துப் பெற்ற சாறு போதிய பலன் தரவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழியும்படி பழைய நூலொன்று கூறியதைக் கண்டு, குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தபோதே வெற்றி கிட்டியது. 2015ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. செடி ஒன்றே, முறை மாறியபோது பலனும் மாறியது.

“இயற்கையானது தீங்கு செய்யாது” என்ற எண்ணம் தவறானது. அலரியும் இயற்கையே, அதன் விதை உயிரைக் குடிக்கும். நீரிழிவுக்கு நல்லதெனக் கருதி வெறுவயிற்றில் காமரங்காய்ச் சாற்றை மிகுதியாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் நம் நாட்டிலேயே உள்ளனர். அக்காயிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருளே அதற்குக் காரணமாகும். குறிஞ்சா இலை இரத்தத்தில் சீனியைக் குறைக்கவல்லது. நீரிழிவுக் குளிசை எடுப்பவர் அதனை மருந்தாகவும் சேர்த்து உண்டால் சீனி அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலும் ஆகாது.

பின்வருவனவற்றை ஒவ்வொரு குடும்பமும் நினைவிற் கொள்ளல் நன்று.

1. பாம்பு தீண்டினால் பச்சிலை தேடியும் கடிவாயைக் கீறியும் காலத்தை வீணாக்காது, கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நஞ்சை முறிக்கும் ஊசிமருந்து அங்கேயே உண்டு.

2. டெங்குக் காய்ச்சலில் பப்பாசி இலைச்சாற்றை நம்பி வீட்டில் இருத்தல் ஆபத்து. காய்ச்சல் தணியும் வேளையிலேயே நோய் கடுமையாவதுண்டு. அஸ்பிரின் போன்ற குளிசைகளைத் தவிர்த்து, காலந்தாழ்த்தாது இரத்தப் பரிசோதனை செய்தல் அவசியம்.

3. வயிற்றோட்டத்துக்கு உப்பிட்ட கஞ்சித்தண்ணீரும் ஜீவனியும் நன்று. குழந்தை சோர்ந்து, கண் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்தால் வீட்டில் வைத்திருத்தல் கூடாது.

4. அழுத்தம், நீரிழிவு, வலிப்பு ஆகியவற்றுக்கான குளிசைகளைத் தாமாகவே நிறுத்தலாகாது. கைமருந்து எடுப்பின் அதனை வைத்தியரிடம் மறைக்கவும் கூடாது.

கிளினிக்குக்குச் செல்வது ஆண்டவனிடம் நம்பிக்கை குறைந்ததன் அடையாளம் அன்று. நேர்த்தி வைத்து நூல் கட்டியவரும் குளிசையை நேரத்துக்கு எடுக்கலாம். திருநீறு தரித்து, அம்பாளை நினைந்து, மருந்தையும் முறைப்படி உண்பதே அறிவுடைமை. முன்னோர் தந்த கைமருந்தைப் போற்றுவோம். அதன் எல்லையையும் அறிந்து நடப்போம். எல்லாம் வல்ல அம்பாளின் திருவருளால் அடியார் அனைவரும் நோயற்ற வாழ்வு பெறுவார்களாக.