முதியோர் பகல் மையம்: நீலகிரியை முன்வைத்து ஒரு பாடம்

முதியோர் இல்லம் என்றதும், பிள்ளைகளைப் பிரிந்து பெற்றோர் தங்கும் விடுதியே நம் நினைவுக்கு வருகிறது. அச்சொல்லைக் கேட்டுப் பெரியோர் முகம் வாடுவதும், பிள்ளைகள் நாணுவதும் இயல்பே. முதியோர் பகல் மையம் என்பது வேறு. காலையில் சென்று, மாலையில் தம் வீட்டுக்கே திரும்பும் இடம் அது. குடும்பத்தைப் பிரிப்பது அதன் நோக்கமன்று. பகற்பொழுதின் தனிமையை நீக்குவதே நோக்கம். இவ்வேறுபாட்டை உணர்வது இப்பாடத்தின் முதற்படி.

1. தேவை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயது நிறைந்தவர்கள். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ‘அன்புச்சோலை’ என்னும் பெயரில் 25 பகல் மையங்களை அறிவித்தது. 2025 நவம்பரில் அவை தொடங்கப்பெற்றன. பெரும்பாலும் மாநகரங்களை நோக்கிய திட்டம் அது. மலையிலோ தேவை வேறு வடிவில் இருக்கிறது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் அமைய வழிவகுத்தது. தாய் கொழுந்து பறிக்கும் நேரத்தில் குழந்தையைக் காக்க ஒருவர் வேண்டும் என்பதே காரணம். இன்று அதே நேரத்தில், அதே லைன் வீட்டில், முன்னாளில் கொழுந்து பறித்த பாட்டி தனித்திருக்கிறார். மகன் கோவையிலோ திருப்பூரிலோ இருக்கிறான். மருமகள் தோட்டத்தில் இருக்கிறாள். குழந்தைக்கு நாம் ஒப்புக்கொண்ட நியாயத்தை முதியவருக்கு மறுக்கலாமா?

2. வழி

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் 1,850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. பேருந்து நிற்கும் இடத்திற்கு மேலேயோ கீழேயோதான் பெரும்பாலான வீடுகள். மழையில் படிகள் பாசி பிடிக்கும். முழங்கால் நோவுடையவருக்கு அப்படிகளே சிறைச்சுவர். எனவே மையத்தின் முதற்செலவு தொலைக்காட்சிப் பெட்டிக்கு அன்று. படிகளுக்குக் கைப்பிடிக் கம்பிக்கும், அழைத்துவரும் வண்டிக்கும் ஆகும்.

குளிரில் இரத்த நாளங்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயரும். ஆதலால் வெயில் ஏறிய பின் 10 மணிக்குத் தொடங்குவது நன்று. தென்மேற்குப் பருவமழை உதகை, கூடலூர்ப் பக்கங்களிலும், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களிலும் மிகும். வர இயலாத நாளில் ஒரு தொலைபேசி அழைப்பேனும் வீடு தேடிச் செல்ல வேண்டும்.

3. நாள் ஒழுங்கு

முதலில் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்தல். அடுத்து எளிய உடற்பயிற்சி. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதைப் பத்து முறை செய்தாலே தொடைத் தசைகள் வலுப்பெறும். விழும் அச்சம் குறையும். இயலாதார் கையூன்றித் தொடங்கலாம்.

உணவில் ஒவ்வொருவர் வழக்கத்தையும் கேட்டறிய வேண்டும். மலையில் மிகுதியாக விளையும் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் நம்மவர் பலர் விலக்குவர்; அவர்களுக்கு பீன்ஸ், பட்டாணி, சௌசௌ உண்டு. கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கமுடையோர், வீடு திரும்பி உண்ணும்படி மாலை நேரத்தை அமைக்கலாம்.

பிற்பகல் மிக இன்றியமையாதது. அப்போது முதியோர் பெறுவோராக மட்டுமின்றித் தருவோராகவும் இருக்க வேண்டும். பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லித்தரலாம். எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு விண்ணப்பம் எழுதலாம். தம் கையால் ஒருவருக்குப் பயன் உண்டு என்ற எண்ணமே முதுமைக்கு ஊன்றுகோல்.

4. உரிமை

வாரம் ஒரு மணி நேரம் உரிமைகளை அறிவதற்கு ஒதுக்குக. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டப்படி, தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் தரலாம். நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டங்கள் உள்ளன. மாநில அரசின் முதியோர் ஓய்வூதியம் 2023இல் ரூ. 1,200 ஆக உயர்த்தப்பட்டது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மருந்து கொண்டுவருகிறது. முதியோர் உதவி எண் 14567.

5. குடும்பத்தின் கடமை

மையம் இருப்பதால் நம் கடமை தீர்ந்துவிடாது. பகலில் பத்துப் பேரோடு பேசி வந்தவர், மாலையில் வீட்டில் அதனைச் சொல்ல ஒரு செவியை நாடுவார். அச்செவியை எந்த மையமும் தர இயலாது.

வீட்டில் கூடி விடை காண வேண்டிய வினாக்கள்:

(அ) முதியோர் இல்லத்திற்கும் பகல் மையத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

(ஆ) நம் வீட்டு வாயிலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை எத்தனை படிகள்? கைப்பிடி உண்டா?

(இ) நம் வீட்டுப் பெரியவர் பிறருக்குக் கற்பிக்கத்தக்கது எது?

(ஈ) நேற்றுப் பகலில் அவர் யாருடன் பேசினார்?

நான்காம் வினாவுக்கு விடை தெரியாதவர், இன்று அவரிடமே கேட்டறிக.