தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு ஞாயிறே தொடங்குங்கள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங். நான் படிக்க வந்த முதல் வருடம், புதன் மாலையே விடுதி காலியாகிவிட்டது. மெஸ்ஸைப் பூட்டிவிட்டார்கள். வியாழன் மதியம் பக்கத்துக் கடைகளும் மூடிக் கிடந்தன. எதிர் அறைப் பெண் ஈரானைச் சேர்ந்தவள். கதவைத் தட்டி, "சாப்பிட்டாயா?" என்று கேட்டாள். அவளிடம் அரிசி இருந்தது, என்னிடம் பருப்புப் பொடி இருந்தது. அடுத்த வருடத்திலிருந்து நானே ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். அதில் கற்றுக்கொண்டவை இவை.

1. நவம்பர் பிறந்ததும், எங்கும் போகாமல் இருக்கப்போகிறவர் யார் யார் என்று விசாரியுங்கள். புதிதாக வந்த மாணவர், விசா சிக்கலால் நகர முடியாதவர், கைக்குழந்தையோடு இருக்கும் தம்பதி என்று பலர் இருப்பார்கள். "முடிந்தால் வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் கூச்ச சுபாவம் உள்ளவர் வரமாட்டார். "வியாழன் இரண்டு மணிக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறேன்" என்று நேரம் சொல்லிக் கூப்பிடுங்கள்.

2. இந்த விருந்தின் வழக்கமான பதார்த்தம் வான்கோழி. நான்கைந்து பேர்தான் என்றால் முழுப் பறவை தேவையே இல்லை. நெஞ்சுப் பகுதி தனியாகக் கிடைக்கும். இரண்டு கோழி வாங்கினாலும் குறையில்லை. முழுதாக வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு பவுண்டு முதல் ஒன்றரை பவுண்டு வரை கணக்குப் போடுங்கள்.

3. முதல் முறை சமைப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது உறைந்த வான்கோழியை இளக வைப்பதில்தான். ஃப்ரிட்ஜில் 4 முதல் 5 பவுண்டுக்கு 24 மணி நேரம் வேண்டும். 12 பவுண்டுப் பறவைக்கு ஏறக்குறைய மூன்று நாள். ஞாயிறு இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஒரு ட்ரேயில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சொட்டும் நீர் மற்ற பண்டங்களில் படக்கூடாது. மறந்துவிட்டால், கவர் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றுங்கள். பவுண்டுக்கு அரை மணி என்று 12 பவுண்டுக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். இப்படி இளக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் இரவெல்லாம் வெளியே வைப்பது மட்டும் கூடவே கூடாது.

4. வான்கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் நீரில் கிருமி தொட்டியெங்கும் பரவும். வயிற்றுக்குள் கழுத்தும் ஈரலும் வைத்த சிறு பொட்டலம் இருக்கும், அதை வெளியே எடுங்கள். தோலைக் கிழிக்காமல் விரலால் நெகிழ்த்தி, வெண்ணெய், இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சோம்புத்தூள் கலந்து உள்ளே தடவினால் நம் நாக்குக்கு ஏற்ற ருசி வரும். லேபிளைப் படியுங்கள்: கடைப் பறவைகள் பலவற்றில் உப்புநீர் ஏற்கெனவே ஏற்றியிருப்பார்கள். அப்படியானால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். 325 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 12 பவுண்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். நிறத்தை நம்ப வேண்டாம். இறைச்சிக்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொடையின் உட்புறத்திலும் நெஞ்சின் தடித்த பகுதியிலும், எலும்பில் படாமல் குத்திப் பார்த்து, 165 டிகிரி காட்டினால்தான் வெந்தது என்று அர்த்தம். இருபது நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

5. இந்தப் பருவத்தில் கடையெங்கும் கிரான்பெர்ரி. நெல்லிக்காய்க்கும் மாங்காய்க்கும் ஏங்குகிற நாக்குக்கு இதைவிட நல்ல துணை இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை. 12 அவுன்ஸ் பாக்கெட் ஒன்றுக்குக் கால் கப் நல்லெண்ணெய் காயவைத்து, கடுகு, பெருங்காயம் தாளித்து, பழத்தைப் போட்டு மூடுங்கள். படபடவென்று வெடித்துக் குழைந்ததும் மஞ்சள்தூள், இரண்டு டீஸ்பூன் மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை டீஸ்பூன், சிறு துண்டு வெல்லம் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கிளறினால் தொக்கு ரெடி. புளி வேண்டாம், பழமே புளிக்கும். செவ்வாய்க்கிழமையே செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

6. சைவ நண்பர்களுக்குக் காய் மட்டும் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கடையில் வாங்கும் ஸ்டஃபிங் என்ற ரொட்டிக் கலவையில் கோழிச்சாறு இருக்கலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் தூவும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. சில பை (pie) பலகாரங்களின் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். லேபிளைப் பார்த்து வாங்கி, சைவப் பாத்திரங்களைத் தனி மேசையில் தனிக் கரண்டியோடு வையுங்கள். கேட்கத் தயங்கி வெறும் பிரெட்டைத் தின்று எழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

7. அடுப்பு நான்கு, ஓவன் ஒன்று. அதனால் வருகிறவர்களிடம் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்லும்போது, ஓவன் தேவைப்படாததைச் சொல்லுங்கள்: எலுமிச்சை சாதம், தயிர் பச்சடி, சுண்டல். நீங்கள் ஓர் அமெரிக்கர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் இதே கணக்குத்தான். அன்று அவர்கள் ஓவனில் இடமிருக்காது.

8. மளிகை எல்லாம் புதன் காலைக்குள் முடியட்டும்.

9. தாளிப்புப் புகைக்கு அபார்ட்மென்ட் அலாரம் அலறும். எக்ஸாஸ்ட் ஃபேனை முன்கூட்டியே போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றாதீர்கள்.

10. நவம்பர் கடைசியில் நியூயார்க்கைவிட இந்திய நேரம் பத்தரை மணி முன்னால். காலை ஒன்பதுக்கு வீட்டுக்குப் போன் செய்தால் ஊரில் இரவு ஏழரை. வீடு நிறைந்திருக்கும் நேரம் அது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் ஏழு மணிக்கே எழுந்து கூப்பிட்டால் அங்கே எட்டரை.

11. சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் யாருக்கு நன்றி என்று சொல்வது இங்குள்ள பல குடும்பங்களின் வழக்கம். தாய்மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள். இந்த நாளின் தொடக்கமாகச் சொல்லப்படும் 1621 பிளிமத் விருந்தில் வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களும் இருந்தார்கள் என்பதையும், அவர்கள் வழிவந்தோர் உட்படப் பூர்வகுடியினர் பலர் 1970 முதல் இதே நாளைப் பிளிமத்தில் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள் என்பதையும் குழந்தைகளிடம் மறைக்காதீர்கள்.

12. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். நான்கு நாள் தாங்கும். பிய்த்த கறியோடு உறைந்த பரோட்டாவைக் கொத்தி, முட்டை ஊற்றினால் வெள்ளிக்கிழமை இரவுக்கு ஆச்சு. எலும்பை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் ரசம் மாதிரி சூப் கிடைக்கும். குளிரில் தொண்டை கரகரப்புக்கு இதமாக இருக்கும்.

13. பஸ்கள் அன்று விடுமுறை அட்டவணைப்படிதான் ஓடும். யார் காரில் யார் போவது என்பதை முதல் நாளே பேசி வையுங்கள். வருகிறவர்களைக் காலி டப்பாவோடு வரச் சொல்லி, நிரப்பிக் கொடுத்து அனுப்புங்கள். தனியாக அறைக்குத் திரும்பும் பிள்ளைக்குத் தொக்குப் பாட்டிலையும் சேர்த்துக் கொடுங்கள்.