வெளிநாட்டில் படிச்ச 2 வருஷம் பிடிஎஸ் சீட்டுக்குக் கணக்கில் வருமா? எஜுகேஷன் லோனில் கையெழுத்து போடும் முன் படிங்க

உங்க தங்கச்சி வெளிநாட்டு யுனிவர்சிட்டியில 2 வருஷம் படிச்சுட்டு, "இனி சென்னையிலயே பிடிஎஸ் படிக்கிறேன்"னு வந்து நிக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். வீடு தண்டையார்பேட்டையில. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறுற வயசு. மாசச் சம்பளம் வாங்குறது நீங்கதான். அப்போ "லோன் போட்டுடலாமா?"ங்கற கேள்வி நேரா உங்ககிட்டதான் வரும்.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெளிவாகணும். அந்த 2 வருஷப் படிப்புக்கு இங்க என்ன மதிப்பு? லோன் யார் பேர்ல இருக்கணும்?

1. அந்த 2 வருஷத்துக்கு இங்க மதிப்பு பூஜ்யம்

கேட்கக் கஷ்டமா இருக்கும், ஆனா விதி இதுதான். பிடிஎஸ் சேர நீட் எழுதியாகணும். அரசு கல்லூரி, தனியார், நிகர்நிலை எல்லாத்துக்கும் இதே விதி. தகுதியா பார்க்கிறது பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம். வெளிநாட்டில் அனாடமியே படிச்சிருந்தாலும் முதல் வருஷத்திலிருந்துதான் தொடங்கணும். 4 வருஷப் படிப்பு, 1 வருஷம் இன்டர்ன்ஷிப், ஆக 5 வருஷம்.

"ரெண்டாம் வருஷத்துல நேரா சேர்த்துவிடுறேன்"னு ஏஜென்ட் யாராவது சொன்னா நம்பாதீங்க. கல்லூரி மாறுறதுக்கு டென்டல் கவுன்சிலின் 2007 விதிமுறையில் இடம் இருக்கு. ஆனா அது இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மட்டும்தான். 2022-ல் போர் காரணமா உக்ரைனிலிருந்து ஆயிரக்கணக்கான மருத்துவ மாணவர்கள் திரும்பி வந்தப்போகூட, அவங்களை இங்குள்ள கல்லூரிகளுக்கு மாற்ற சட்டத்தில் வழியில்லைன்னுதான் மத்திய அரசு சொன்னது.

அப்புறம் ஏன் யூடியூபில் "கிரெடிட் டிரான்ஸ்ஃபர்"னு பேசுறாங்க? அதுல பெரும்பாலும் அமெரிக்கா கதை. அங்க டென்டல் ஸ்கூல்ங்கறது பொதுவா டிகிரிக்கு அப்புறம் படிக்கிற 4 வருஷப் படிப்பு. வெளிநாட்டு மார்க் ஷீட்டை வெஸ், ஈசிஇ மாதிரி நிறுவனங்கள் பாடம் பாடமா மதிப்பிடும். அதை ஏத்துக்கிறதா வேண்டாமான்னு அந்தந்தக் கல்லூரி முடிவு பண்ணும். அந்த முறை நம்ம ஊர்ல கிடையாது.

நல்ல செய்தியும் இருக்கு. நீட்டுக்கு இப்போ உச்ச வயது வரம்பு இல்லை. அதனால 20, 21 வயசுலயும் எழுதலாம். அரசு சீட் கிடைச்சா செலவே வேற மாதிரி. கோட்டை ரயில் நிலையம் பக்கத்துல இருக்கிற தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம், ஹாஸ்டல் செலவு இல்லை.

2. போன காசை விட்டுட்டு, வரப்போற செலவைப் பாருங்க

இதுவரைக்கும் 6 லட்சம் செலவாயிருக்குன்னு வச்சுக்குங்க. தங்கச்சி திரும்பி வந்தாலும் அந்த 6 லட்சம் வராது, அங்கேயே முடிச்சாலும் வராது. அதனால அதை ரெண்டு பக்கக் கணக்கிலும் சேர்க்காதீங்க. ஒப்பிட வேண்டியது இதுதான்:

• இங்க வந்தா: நீட் தயாரிப்புக்கு ஆகும் காலம் + 5 வருஷம் + இங்குள்ள ஃபீஸ்.
• அங்க படிக்கிறது பல் மருத்துவப் படிப்பேன்னா: மீதி வருஷங்களின் ஃபீஸ், தங்குற செலவு + இந்தியாவில் பிராக்டிஸ் பண்ண எழுத வேண்டிய ஸ்கிரீனிங் டெஸ்ட்.

ஸ்கிரீனிங் டெஸ்ட்டை சும்மா ஒரு வரியா எழுதிட்டுப் போயிடாதீங்க. முதல் தடவையே பாஸ் ஆகலைன்னா வீட்டுக்கு இன்னும் எத்தனை மாசச் செலவுன்னு சேர்த்துப் போடுங்க.

3. 10 லட்சம் லோன், உண்மையில் எவ்வளவு?

தனியார் கல்லூரிக்கு வருஷம் 2.5 லட்சம் வீதம் 4 வருஷத்துக்கு 10 லட்சம், வட்டி 10%னு உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். படிப்பு 5 வருஷம், அதுக்கு மேல 1 வருஷம் இஎம்ஐ கிடையாது. ஆனா வட்டி ஓடிட்டே இருக்கும். தனி வட்டி போட்டாலே 4.5 லட்சம்.

• வட்டியைக் கட்டாம விட்டா: 14.5 லட்சத்துக்கு 10 வருஷ இஎம்ஐ சுமார் 19,160 ரூபாய்.
• படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிட்டு வந்தா: 10 லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 13,215 ரூபாய்.

மாசம் கிட்டத்தட்ட 5,950 ரூபாய் வித்தியாசம். முதல் வருஷ வட்டி மாசம் 2,100 ரூபாய்க்குள்ளதான். நாலாவது வருஷத்திலிருந்து அது சுமார் 8,300 ஆகும். உங்க கல்யாணம், வீட்டு லோன் எல்லாம் இதே காலத்துல வரலாம். மறந்துடாதீங்க.

4. அண்ணன் கட்டினா 80இ கிடைக்காது

நிறைய பேர் சறுக்குற இடம் இதுதான். 80இ-ன்னு நாம பழகின கழிவில், கட்டின கல்விக் கடன் வட்டி முழுக்கக் கழியும். உச்ச வரம்பு இல்லை, 8 வருஷம் வரைக்கும் எடுக்கலாம். ஆனா யாருடைய படிப்புக்கு? தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கு. தம்பி, தங்கச்சி இந்தப் பட்டியலில் இல்லை. நீங்க கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்து போட்டு மொத்த வட்டியும் கட்டினாலும் உங்களுக்குக் கழிவு கிடையாது. நியூ ரெஜிமில் இருந்தா இந்தக் கழிவே யாருக்கும் இல்லை.

அதனால லோனைத் தங்கச்சி பேர்ல, அப்பாவைக் கோ-பாரோயரா வச்சு எடுக்கப் பாருங்க. அப்பாவுக்கு வரி கட்டுற அளவு வருமானம் இருந்தா, அவர் கட்டுற வட்டிக்கு அவர் கழிவு எடுக்கலாம். பின்னாடி தங்கச்சி சம்பாதிச்சு கட்டும்போது அவங்க எடுக்கலாம். நீங்க உதவணும்னா பணத்தைத் தங்கச்சி அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க. கிஃப்ட் வரி விதியில் உடன்பிறப்பு உறவினர்தான், அதனால அவங்களுக்கு அந்தப் பணத்துக்கு வரி வராது. அதே சட்டம் 80இ-க்கு மட்டும் உங்களை உறவா பார்க்கலை!

உங்க சம்பளத்தை மட்டும் நம்பி பேங்க் லோன் குடுக்குதுன்னா, அது வரிச் சலுகை இல்லாத கடன்னு தெரிஞ்சே கையெழுத்து போடுங்க. போடவே கூடாதுன்னு நான் சொல்லலை, தங்கச்சி படிப்பு வரிக் கணக்கைவிடப் பெருசு. ஆனா நீட் ஸ்கோர் வந்து, எந்தக் கல்லூரி, எவ்வளவு ஃபீஸ்னு தெரிஞ்ச பிறகு போடுங்க. அதுவரைக்கும் ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் வேண்டாம்.