இல்லச் சேமிப்பும் தொலைபேசி மோசடியும்

ஒரு குடும்பம் இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை ஒரே நாளில் இழந்துவிடக் கூடும் என்னும் அச்சம் நம் நாட்டில் புதிதன்று. முன்னர் அதற்குக் கன்னக்கோல் தேவைப்பட்டது. இன்று ஒரு தொலைபேசி அழைப்பே போதுமானதாகிவிட்டது. சேமிப்பு நகையாகவும் ரொக்கமாகவும் பெட்டியில் இருந்தபோது, பூட்டும் அண்டை வீட்டாரின் கண்ணும் காவலாக அமைந்தன. 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை அறிமுகமாகி, பணம் கைப்பேசி வழியே நடமாடத் தொடங்கிய பின், குற்றமும் இடம் பெயர்ந்துள்ளது. இம்மாற்றத்தின் இயல்பையும் குடும்பங்கள் மேற்கொள்ள வேண்டிய காப்பு முறைகளையும் இங்குக் காண்போம்.

குற்றத்தின் பொருளாதாரம்

கன்னமிடுவோனுக்குத் தூரம், சுமை, நேரம் என மூன்று தடைகள் உண்டு. ஓரிரவில் ஓரிரு வீடுகளுக்கு மேல் அவனால் புக இயலாது. வீட்டில் இருப்பதை மட்டுமே எடுத்துச் செல்லலாம். தொலைபேசி மோசடிக்காரனுக்கு இத்தடைகள் இல்லை. ஓர் அழைப்புக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆயிரம் பேரில் ஒருவர் இணங்கினாலும் அவனுக்கு இலாபமே. மேலும், வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்னரே எடுக்கச் செய்தும், கடன் வாங்கச் செய்தும், வீட்டில் இல்லாத பணத்தையும் அவன் பறித்துவிடுகிறான்.

எனினும் அவனுக்கு இரண்டு தேவைகள் உள்ளன. முதலாவதாக, பொருளுக்கு உரியவரே பெரும்பாலும் கதவைத் திறந்துவிட வேண்டும். இரண்டாவதாக, பறித்த பணத்தை ஏற்றுக்கொள்ள ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். தற்காப்பும் இவ்விரண்டு இடங்களிலேயே அமைதல் வேண்டும்.

இல்லாத கைது

காவல் துறை, சி.பி.ஐ., சுங்கத் துறை ஆகியவற்றின் பெயரால் வீடியோ அழைப்பு விடுத்து, “உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் உள்ளது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்” என மிரட்டுவது இன்று பரவலான முறையாகும். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, குடும்பத்தாரிடம் கூறக் கூடாது, சரிபார்ப்புக்காகப் பணத்தை வேறு கணக்கிற்கு மாற்ற வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். முதியோரும் ஓய்வூதியரும் இதற்குப் பெரிதும் இரையாகின்றனர். இதன் தீவிரத்தைக் கருதியே உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் தானாக முன்வந்து வழக்கெடுத்து, இத்தகைய மோசடிகளைப் புலனாய்வு செய்யுமாறு சி.பி.ஐ.யைப் பணித்தது.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவின்படி, கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தவர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்பிற்குரிய ஒருவரோ சான்றொப்பமிடச் செய்ய வேண்டும். கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி அறிவிக்க வேண்டும் என்கிறது 48ஆம் பிரிவு. அதாவது, கைது பிறர் அறிய நடைபெற வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். மோசடிக்காரனோ எவரும் அறியலாகாது என்கிறான். ஆகவே, “யாரிடமும் சொல்லாதே” என்னும் கட்டளையே மோசடியின் முதல் அடையாளம் எனக் கொள்ளலாம்.

முதல் மணி நேரம்

பறிக்கப்பட்ட பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. பல கணக்குகளுக்குப் பிரிந்து சென்று, இறுதியில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆதலால் இழப்பு தெரிந்தவுடன் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். புகார், பணம் சென்ற வங்கிக்கு அனுப்பப்படுகிறது. தொகை அங்கு எஞ்சியிருப்பின் நிறுத்தி வைக்கப்படும். கடந்து சென்றிருப்பின் அடுத்த வங்கிக்குத் தகவல் செல்லும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மீட்பு வாய்ப்பைக் குறைக்கும்.

தமது வங்கிக்கும் உடனே அறிவித்தல் இன்றியமையாதது. வங்கியோ வாடிக்கையாளரோ தவறு செய்யாத நிலையில் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் அறிவித்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட நெறிமுறை வகுத்தது. வாடிக்கையாளரே கடவு எண்ணைப் பிறருக்குத் தெரிவித்திருப்பின், வங்கிக்கு அறிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சாரும்; அறிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். தவறு தம்முடையதாயினும் உடனடி அறிவிப்பு பயன் தரும் என்பது இதனால் விளங்கும்.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

1. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை. அதனைக் கேட்கும் எக்கோரிக்கையும் பணம் எடுப்பதற்கே.

2. அன்றாடச் செலவுக்கான கணக்கையும் சேமிப்புக் கணக்கையும் தனித்தனியே வைத்து, முதற்கணக்கை மட்டும் கைப்பேசியுடன் இணைத்தல் நன்று. நாள் வரம்பையும் குறைவாக வைக்கலாம்.

3. குறிப்பிட்ட தொகைக்கு மேல் அனுப்புமுன் குடும்பத்தில் மற்றொருவரைக் கலந்தே அனுப்புவது என முடிவு செய்துகொள்ள வேண்டும். அரசுக் கருவூலத்தில் ஒருவர் தயாரித்த பட்டியலை மற்றொருவர் சரிபார்ப்பது போன்றதே இது.

4. ஏமாந்தவரைக் கடிந்துகொள்ளலாகாது. ஏச்சுக்கு அஞ்சி உண்மையை மறைக்கும் தாயோ தந்தையோ இழப்பது, மீட்புக்குரிய அந்த முதல் மணி நேரத்தையே.

மாணவர்க்கும் அலுவலர்க்கும்

சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்த அளிக்கும் இளைஞர்கள், மோசடியின் இரண்டாவது தேவையை நிறைவு செய்கின்றனர். கணக்கு முடக்கமும் குற்ற வழக்கும் அவர்தம் வேலைவாய்ப்பையே பாதிக்கும். கல்லூரிகள் இதனை வலியுறுத்திக் கூற வேண்டும்.

குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம் என்பதற்கும், பதிவின் நகலைக் கட்டணமின்றிப் பெறலாம் என்பதற்கும் மேற்கூறிய சட்டத்தின் 173ஆம் பிரிவு வழிசெய்கிறது. எல்லையைக் காரணம் காட்டிப் புகார்தாரரைத் திருப்பி அனுப்ப இடமில்லை. அவ்வாறே, முதிர்வுக்கு முன் பெருந்தொகை எடுக்கப் பதற்றத்துடன் வரும் முதியவரிடம், காரணம் என்னவென்று கனிவுடன் வினவும் வங்கி அலுவலர், ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பைக் காப்பவராவார்.