வீட்டிலே இசைப்பதிவு: எந்தக் கணினி போதும்?



சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளை கணினி கேட்பது இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். கீபோட் வாசிக்கிறவனாகவோ, ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறவளாகவோ இருந்தால், "பாட்டுப் பதிவுசெய்யத்தான்" என்று காரணமும் சொல்வார்கள். கடைக்குப் போனால், விளையாட்டுக்கென்றே செய்த, பல நிறத்தில் விளக்கெரியும் மடிக்கணினியை எடுத்து வைத்து, இசைக்கு இதுதான் வேண்டும் என்பார்கள். அம்மாவின் காப்பு அடகுக்கடைக்குப் போவது இப்படித்தான். அது போக வேண்டியதில்லை என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலை ஏன் இப்படி ஏறிற்று என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பின்னர் சற்று இறங்கியதேயன்றிப் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாயிற்று. ஆகவே எது தேவை, எது வெறும் ஆடம்பரம் என்று பிரித்தறிவது முன்னெப்போதையும்விட இப்போது அவசியம்.

குரலைப் பதிவுசெய்வது கணினிக்குப் பெரிய வேலையே அன்று. நல்ல தரத்தில் (24 பிட், செக்கனுக்கு 44,100 மாதிரிகள்) ஒரு குரலை ஒரு நிமிடம் பதிவுசெய்தால் ஏறக்குறைய 8 மெகாபைட் இடம் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டொன்றில் குரல், கீபோட், வயலின், தபேலா என்று 16 தடங்கள் இருந்தாலும் 650 மெகாபைட்டைத் தாண்டாது. பத்து ஆண்டு பழைய கணினிகூட இதைச் சுமக்கும். பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டு 1967 இல் வெளிவந்தபோது, அது நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட ஒலிநாடா எந்திரங்களில் பதிவாகியிருந்தது. நம்மவரிலும் ஒரு சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்து இலண்டனுக்குப் போன மாதங்கி அருள்பிரகாசம், உலகம் 'எம்.ஐ.ஏ.' என்று அறியும் பாடகி, தமது முதற்பாடல்களை அமைத்தது தோழியொருவரிடமிருந்து கிடைத்த றோலண்ட் எம்.சி. 505 என்ற தாளப்பெட்டியிலேதான். அந்த வழியில் வந்த 'அருளர்' என்ற இசைத்தொகுப்பு 2005 இல் வெளியாயிற்று.

அப்படியானால் கணினிக்குப் பளுவானது எது? கணினிக்குள்ளேயே வாசிக்கும் இசைக்கருவிகள். ஐம்பது வயலின்கள் சேர்ந்து ஒலிப்பது போன்ற மென்பொருளொன்றைத் திறந்தால் அது நினைவகத்தில் பல ஜிகாபைட்டை விழுங்கும். அதற்கே 8 ஜிகாபைட் நினைவகம் குறைந்த அளவு என்றும், 16 இருந்தால் நிம்மதி என்றும் சொல்கிறோம்.

மற்றொரு தொல்லை தாமதம். இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். பலர் பணத்தை வீணாக்குவது இதை அறியாமல்தான். பாடுகிறவர் தமது குரலையே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடுகிறார். ஒலிவாங்கியில் நுழைந்த குரல் எண்களாக மாறிக் கணினிக்குள் சென்று, மீண்டும் ஒலியாகிக் காதுக்கு வர வேண்டும். கணினி அந்த எண்களை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை, கட்டுக்கட்டாகவே எடுக்கும். கட்டொன்றில் 1,024 எண்கள் என்றால் 23 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். 256 என்றால் 6 மில்லிசெக்கனுக்கும் சற்றுக் குறைவு. போக்கு, வரவு இரண்டிலும் இப்படி நேரம் பிடிப்பதால், மொத்தத் தாமதம் இதில் இருமடங்குக்கும் மேல்.

பெரிய ஆலயத்தில் நீங்கள் இதை அனுபவித்திருப்பீர்கள். ஒலி காற்றிலே செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்கிறது. மேல்மாடத்தில் பாடகர் குழு தொடங்கும் பாட்டு, 30 மீற்றர் தள்ளிப் பீடத்தருகே நிற்பவரை 90 மில்லிசெக்கன் அளவு பிந்தித்தான் அடையும். சபையார் இழுத்துப் பாடுகிறார்கள் என்று பாடகர் குழுத் தலைவர்கள் சினப்பதுண்டு. குற்றம் முழுவதும் சபையாருடையதன்று! ஹெட்போனில் 20, 30 மில்லிசெக்கன் பிந்தினாலே பாடுகிறவரின் தாளம் தடுமாறும்.

கட்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும். ஆனால் கணினி ஒவ்வொரு கட்டையும் நேரத்துக்கு முடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் பாட்டின் நடுவே 'டக், டக்' என்று வெடிக்கும். வேகமான செயலி இங்கேதான் உதவுகிறது. எனினும் இதற்கு மலிவான மாற்றுவழி உண்டு. ஓடியோ இன்டர்பேஸ் எனப்படும் சிறு பெட்டிகள் பலவற்றில், குரலைக் கணினிக்குள் சுற்றவிடாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. அந்த வசதியுள்ள பெட்டியை வாங்கினால், சாதாரண கணினியிலும் தடுமாறாமல் பாடலாம்.

இனி எதை வாங்குவது? எமது எண்ணத்தில், வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்த டெல் லட்டிடியூட், லெனோவோ திங்க்பேட், எச்.பி. எலைட்புக் போன்றவையே சிக்கனமான குடும்பத்துக்கு ஏற்றவை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவைச் சுற்றிவந்தால் புதியதற்கும் பாவித்ததற்கும் உள்ள விலை வித்தியாசம் விளங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலிகளிலிருந்தே ஏற்கப்படும். 'ஐ5' என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அதன்பின் வரும் எண்ணைப் பாருங்கள்: 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 6300 என்றால் ஆறாம் தலைமுறை. மலிவாகக் கிடைக்கிறதென்று ஆறாம் தலைமுறையை வாங்குகிறவர், லினக்ஸ் பாவிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

சுழலும் பழைய தட்டு வேண்டாம், எஸ்.எஸ்.டி. இருக்கட்டும். தனியான கிராபிக்ஸ் அட்டைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பாட்டுக்கு அது உதவாது. அதனோடு வரும் பெரிய மின்விசிறியின் இரைச்சல் பதிவிலும் விழும். ஆப்பிள் மீது ஆசை உள்ளவர்கள் 2020 இல் வந்த எம்1 மெக்புக் எயாரைப் பாவித்ததாகத் தேடலாம். அதில் மின்விசிறியே இல்லை; கராஜ்பேண்ட் என்ற இசை மென்பொருளும் இலவசம். ஆனால் நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியாது என்பதை மனத்தில் வையுங்கள்.

மிஞ்சும் பணம் ஒலிவாங்கிக்கும் ஹெட்போனுக்கும் போகட்டும். கேட்பவர் காதில் விழுவது அவற்றின் தரமே. வெள்ளவத்தை மாடிவீடுகளில் ஒருபுறம் காலி வீதி பஸ், மறுபுறம் கடற்கரை ரயில். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி. கொண்டென்சர் ஒலிவாங்கி இவை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடும். ஆலயத்தில் கையிலே பிடித்துப் பாடுகிற டைனமிக் வகையே இங்கு நல்லது. வாய்க்கு அருகே பிடித்துப் பாடினால், தூரத்துச் சத்தம் அடங்கும்.

மென்பொருளுக்குக் களவுப் பிரதி தேட வேண்டியதில்லை. அது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு விரோதம். வைரசும் கூடவே வரும். ஓடாசிட்டி இலவசம். ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் பரீட்சித்துப் பார்த்தபின், வீட்டுப் பாவனைக்கு 60 டொலர் கொடுத்து வாங்கலாம்.

மடிக்கணினிக்கு மேசைக்கணினியைவிட இன்னொரு நன்மையும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மேசைக்கணினி வாங்குகிறவர் யு.பி.எஸ். செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது ரீப்பரைப் பென்டிரைவிலேயே நிறுவி, இருபது தடங்கள் உள்ள பாட்டொன்றையும் அதிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் கணினியில் அதை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். வெடிப்புச் சத்தம் வருகிறதா, மின்விசிறி இரைகிறதா, மின்கம்பியைக் கழற்றினால் பற்றரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். அரைமணி நேரம் தர மறுக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பணம் கட்டுமுன் உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.