பொரித்த மீனுக்கு ஒரு போர்வை

வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கும் நம் இல்லங்கள் பலவற்றில் மீன் தவறாது இடம்பெறும். மீன் பொரித்த நாளில், சட்டியில் ஒட்டிய கருகிய துண்டுக்கே தம்பி தங்கையர் போட்டியிடுவர். அந்தக் கருகலில்தான் தீங்கு ஒளிந்துள்ளது என்பதை நாம் அறிவோமா?

தீங்கு பிறப்பது எவ்வாறு?

மீன் தசையில் அமினோ அமிலங்களும் கிரியேட்டின் என்னும் பொருளும் இயற்கையாகவே உள்ளன. சுமார் 150 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும்போது இவை சேர்ந்து, பல்லின வளைய அமீன்கள் எனப்படும் சேர்மங்களாகின்றன. சுட்ட மீனின் கருகிய பகுதியில் மரபணுவை மாற்றவல்ல பொருள்கள் இருப்பதை 1977-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தகாஷி சுகிமுராவும் அவர்தம் குழுவினரும் வெளிப்படுத்தினர். இவ்வகைச் சேர்மங்கள் சில விலங்குகளுக்குப் புற்றுநோயை உண்டாக்குவதும் பின்னர்த் தெரியவந்தது.

போர்வையின் பணி

மீனின் மேற்பரப்பில் நீர்ப்பசை உள்ளவரை அங்கு வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரியிலேயே நிற்கும். நீர் வற்றிய பின்னரே கருகத் தொடங்கும். எண்ணெயில் இடுமுன் உண்ணத்தக்க மெல்லிய பூச்சொன்றைப் பூசினால், அது நீரை உள்ளே காக்கும். எண்ணெய் மிகுதியாகப் புகாமலும் தடுக்கும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசான், பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறும் ஆல்ஜினேட் ஆகியவை இதற்கு ஏற்றவை. நம் மன்னார் வளைகுடாவில் விளையும் சர்காசம் பாசியும் ஆல்ஜினேட் தருவதே.

நம் அடுக்களையில்

மஞ்சள், மிளகு, பூண்டு ஆகியவற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. அவை தீய அமீன்கள் உண்டாவதைக் குறைக்கின்றன. எனவே அம்மா மசாலா அரைத்துப் பூசி ஊறவைப்பது சுவைக்காக மட்டுமன்று!

ஆனால் ஓர் எச்சரிக்கை. மாவுப் பூச்சும் கருகினால் அக்ரிலமைடு என்னும் வேறொரு தீய பொருள் உண்டாகும். உணவில் இது இருப்பதை 2002-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் அறிவித்தனர். ஆகவே பொன்னிறம் வந்ததும் மீனை எடுத்துவிட வேண்டும். பூச்சு தீங்கைக் குறைக்குமேயன்றி அறவே நீக்காது. கருகிய பகுதியை நீக்குவோம். ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதிருப்போம். குழம்பு கொதிக்கும் வெப்பத்தில் இத்தீமைகள் பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஆதலால் மீன் குழம்புக்கும் உரிய இடமளிப்போம்.

அன்புத் தோழியரே! உடல் இறைவன் உறையும் ஆலயம் என்று மறைக்கல்வி வகுப்பில் பயில்கிறோம். அந்த ஆலயத்தின் காவல் அடுக்களையில் தொடங்குகிறது. இனித் தம்பி கருகிய துண்டுக்குக் கை நீட்டினால், பொன்னிறத் துண்டொன்றை அவன் தட்டில் நாமே அன்புடன் வைப்போம்.